கேள்வி – பதில்: பாரம் ஏறினாலும் பதியாத கார்

சென்ற இதழில் பழைய வாகனங்களைப் பற்றிய பதிலொன்றில், ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒயிலிலும் வாயுவிலும் நிற்கும் பிரெஞ்சுக் கார்களை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இம்முறை இப்பகுதியை நிரப்புகின்றன.

கேள்வி: அறுவடைக் காலத்தில் எனது ஹயஸ் வானில் நெல்மூட்டைகள் ஏற்றினால் பின்பக்கம் பதிந்துவிடுகிறது. இரவில் ஏ9 வீதியில் எதிரே வருபவர்கள், லைற்றைக் குறைக்கும்படி அடித்துக் காட்டுகிறார்கள். நான் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். மேலதிகமாக ஒரு பிளேட் போட்டால் பதிவதில்லை, ஆனால் வெறும் வானாக ஓடும்போது இடுப்பு நோகிறது. இரண்டு தொல்லையும் இல்லாமல் ஒரு வழி இல்லையா? – மாங்குளம் வாசகர்

பதில்: வழி இருக்கிறது, நீங்கள் எழுதிய இந்தத் தொல்லையிலிருந்துதான் அந்த ஏற்பாடே பிறந்தது. வானின் பின்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பிளேட்டுகளிடம் நாம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைக் கொடுக்கிறோம். குழியின் அடியை வாங்கிக்கொள்ள அவை மென்மையாக இருக்கவேண்டும். ஏற்றிய பாரத்தைத் தாங்கி வண்டியை உயரத்தில் நிறுத்த அவையே கடினமாகவும் இருக்கவேண்டும்.

கணக்கில் பார்த்தால் முரண் இன்னும் தெளிவாகும். ஒரு பின்சில்லின் மேல் வெறும் வண்டியின் பாரம் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு ஒரு தடவை மேலும் கீழும் ஆடும் அளவுக்கு மென்மையான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டால், உடம்பு நோகாத பயணம் கிடைக்கும். ஆனால் அந்த ஸ்பிரிங் 300 கிலோவுக்கே 25 சென்ரிமீற்றர் அமுங்கித்தான் நிற்கும், மேலும் 150 கிலோ ஏற்றினால் இன்னுமொரு பன்னிரண்டரை சென்ரிமீற்றர் பதியும். அவ்வளவு பதிந்தபின் சில்லு மேலெழுவதற்குப் பெரும்பாலான கார்களில் இடமே மிஞ்சாது. செக்கனுக்கு ஒன்றரைத் தடவை ஆடும் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால், அதே 150 கிலோவுக்குப் பதிவு ஐந்தரை சென்ரிமீற்றராகக் குறையும். வெறும் வண்டியில் போகிறவர்களின் இடுப்பு அதற்கு விலை கொடுக்கும். மேலதிக பிளேட் போடுவது என்பது இந்த இரண்டாவது பக்கத்துக்குப் போவதுதான், வேறொன்றுமில்லை.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுவது. மென்மையை ஒன்று பார்த்துக்கொள்ளட்டும். உயரத்தை இன்னொன்று கவனித்து, பாரம் ஏறியதும் வண்டியைப் பழைய மட்டத்துக்கே தூக்கிவிடட்டும். இதைத்தான் தன்மட்டச் சஸ்பென்ஷன் செய்கிறது. லைற்றும் அதனால் வானத்தைப் பார்ப்பதில்லை. சென்ற இதழில் சொன்ன அந்தப் பிரெஞ்சுக் கார்களைச் செய்த சிட்ரோவன் நிறுவனம் இதிலும் திருப்தியடையாமல், டி.எஸ். காரின் முகப்பை 1967இல் மாற்றியபோது, பிரேக் பிடிக்கையில் மூக்குப் பதிந்தாலும் ஒளி மட்டமாகவே விழும்படி முன்விளக்குகளைச் சஸ்பென்ஷனோடு இணைத்தது. உட்பக்கத்து விளக்குகள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பவும் செய்தன.

கேள்வி: பிரான்சிலுள்ள எனது அண்ணா ஒரு பழைய காரின் வீடியோ அனுப்பியிருந்தார். நிலத்தோடு படுத்திருந்த கார், ஸ்டார்ட் செய்ததும் முதலில் பின்பக்கத்தையும் பிறகு முன்பக்கத்தையும் தானாகவே தூக்கி எழுந்து நின்றது. அதை எது தூக்குகிறது? – மல்லாவி, உயர்தர மாணவர்

பதில்: ஒயிலின் அமுக்கம் தூக்குகிறது. நீங்கள் பௌதிகவியல் படிப்பவராக இருந்தால் இது இன்னும் சுவைக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் சிட்ரோவன் காரில் சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பிளேட்டும் இல்லை. ஒவ்வொரு சில்லின் தாங்கியும் ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. சிலிண்டரின் தலையில் இரு கைக்குள் அடங்கும் அளவான ஓர் உருக்குக் கோளம் திருகப்பட்டிருக்கும். கோளத்தின் நடுவே ஒரு றப்பர் சவ்வு. அதற்கு அப்பால் தொழிற்சாலையிலேயே அடைத்துவிட்ட நைதரசன் வாயு, இப்பால் ஒயில். சில்லு மேட்டில் ஏறும்போது பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் அமுங்காது என்பதால் வாயு அமுங்குகிறது. ஆகவே அந்தக் காரின் ஸ்பிரிங் என்பது அந்தக் கோளத்துக்குள் இருக்கும் கொஞ்ச வாயுதான். சிலிண்டருக்கும் கோளத்துக்கும் இடைப்பட்ட கழுத்தில் மெல்லிய தகடுகளால் மூடிய சிறு துளைகள் உண்டு. ஒயில் அவற்றினூடாக நெருக்குப்பட்டுப் போய்வரும்போது ஆட்டம் அடங்கிவிடுவதால் தனியான ஷொக் அப்சோர்பரும் தேவையில்லை. நைதரசனைத் தேர்ந்தது தற்செயலல்ல: ஒட்சிசன் கலந்த சாதாரண வளியை அவ்வளவு அமுக்கத்தில் ஒயிலுக்கும் றப்பருக்கும் பக்கத்தில் வைப்பது ஆபத்து.

என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்ப், ஒயிலை ஏறத்தாழ 150 முதல் 175 பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) வரையான அமுக்கத்தில் ஒரு தனிக் கோளத்தில் சேமித்து வைக்கிறது. உங்கள் வீட்டுக் காரின் ரயருக்குள் இருப்பது சுமார் 2 பார் என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் அந்த ஒயில் சில்லுகளின் சிலிண்டர்களுக்குள் பாய்கிறது. பின்பக்கம் பாரம் குறைந்தது. அதைத் தூக்கக் குறைந்த அமுக்கம் போதும். அதனால்தான் அது முதலில் எழுகிறது.

இனி, எங்கே நிறுத்துவது என்று காருக்கு எப்படித் தெரியும்? என் மதிப்பில் இந்த ஏற்பாட்டின் உண்மையான கண்டுபிடிப்பு கோளமல்ல, முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக இருக்கும் உயரம் திருத்தும் வால்வுதான். குளத்தின் நீர்மட்டத்தைத் துருசும் வான்கதவும் காப்பதுபோல, அது மட்டம் குறைந்தால் ஒயிலை உள்ளே விடுகிறது, கூடினால் வெளியே விடுகிறது, சரியாக இருந்தால் இரண்டு வழியையும் மூடிவிடுகிறது. வால்வை அசைக்கும் கம்பியை எங்கே கொழுவினார்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இடது சில்லையும் வலது சில்லையும் இணைக்கும் சரிவுத் தடுப்புத் தண்டின் நடுப்பகுதியில் அது கொழுவப்பட்டிருக்கும். வளைவில் கார் சரியும்போது ஒரு சில்லு மேலேயும் மற்றது கீழேயும் போவதால் நடுப்பகுதி கிட்டத்தட்ட அசையாது. இரண்டு சில்லும் சேர்ந்து உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ மட்டும் அது திரும்பும்.

அப்படியானால் ஒவ்வொரு குழிக்கும் வால்வு திறந்து மூடாதா என்று கேட்கலாம். அதற்கும் வழி செய்திருந்தார்கள். வால்வுத் தண்டின் இரு முனைகளிலும் ஒயில் நிறைந்த சிறு அறைகள் உண்டு. ஒடுங்கிய வழியொன்றினூடாக ஒயில் ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போனால்தான் தண்டு நகரும். குழி நொடிப்பொழுதில் கடந்துவிடும். அதற்குள் தண்டு அசையாது. மூட்டை ஏறினால் உயரம் குறைந்தபடியே இருக்கும். சில செக்கன்களில் வால்வு திறக்கும்.

வீடியோவின் தொடக்கத்தில் கார் படுத்திருந்ததன் காரணமும் இதே வால்வுக்குள்தான் இருக்கிறது. றப்பர் வளையங்களை நம்பாமல் உலோகத்தோடு உலோகம் மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு) கணக்கில் பொருந்தும்படி செய்த பாகங்கள் அவை. என்ஜினை நிறுத்தி மணித்தியாலக் கணக்கில் விட்டால் ஒயில் மெல்லக் கசிந்து தொட்டிக்குத் திரும்பிவிடும். 1990களில் வந்த சிட்ரோவன் சான்ரியா மாதிரிகளில் இந்தப் படுக்கையைத் தடுக்கத் தனி வால்வு சேர்க்கப்பட்டது.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்? – ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: போல் மஜெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1908இல் பிறந்து 1925இல் சிட்ரோவன் நிறுவனத்தில் சேர்ந்த இவருக்குப் பொறியியல் பட்டம் எதுவும் இருக்கவில்லை. நிறுவனத்தின் தலைவராக இருந்த பியேர் பூலான்ஜே, கிராமத்து விவசாயிகளுக்கென 2 சீவீ என்ற மலிவான காரைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் முட்டை உடையக்கூடாது என்பது அந்தக் காருக்கு அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. கார் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ, அதில் ஏறும் ஆட்களும் மூட்டைகளும் அதன் சொந்தப் பாரத்தோடு ஒப்பிடுகையில் அவ்வளவு பெரிதாகிவிடும். 1,500 கிலோக் காரில் நான்கு பேர் ஏறுவதும் 500 கிலோக் காரில் நான்கு பேர் ஏறுவதும் ஒன்றல்ல. வாயுவையும் ஒயிலையும் பற்றிய மஜெஸின் சிந்தனை இந்த இடத்தில்தான் வேர்விட்டது. கடைசியில் 2 சீவீ சாதாரண ஸ்பிரிங்குகளோடுதான் வந்தது. மஜெஸின் ஏற்பாடு பெரிய கார்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பூலான்ஜே அதைப் பார்க்கவில்லை. 1950இல் கார் விபத்தொன்றில் இறந்துவிட்டார்.

1954இல் டிராக்‌ஷன் அவான் வரிசையின் ஆறு சிலிண்டர் மாதிரியொன்றில் பின்சில்லுகளுக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் டி.எஸ். 19 திரைநீக்கப்பட்டபோது நான்கு சில்லுக்கும், பிரேக்குக்கும், ஸ்டியரிங்குக்கும், கியர் மாற்றுவதற்கும்கூட அதே ஒயில் அமுக்கம் வேலை செய்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் அந்தக் காருக்குப் பதிவு செய்தார்கள். 1975 வரை அது தயாரிப்பில் இருந்தது.

மஜெஸ் பிரேக்கில் செய்த வேலை சஸ்பென்ஷனின் புகழுக்குள் மறைந்துபோனது நியாயமல்ல. பின்னால் பாரம் கூடினால் பின்சில்லு வீதியை அழுத்திப் பிடிக்கும். அப்போது அதற்குக் கூடுதலாகப் பிரேக் கொடுக்கலாம். பாரம் இல்லாதபோது அதே அளவு கொடுத்தால் சில்லு இறுகி வண்டி சறுக்கும். பின் சஸ்பென்ஷனிலுள்ள ஒயிலின் அமுக்கம் பின்பாரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், அந்த அமுக்கத்தைக் கொண்டே பின்பிரேக்கின் பங்கைத் தீர்மானிக்கச் செய்தார். மூட்டையின் நிறை, இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் பிரேக்குக்குத் தெரிந்துவிடுகிறது. இலத்திரனியல் எதுவும் காருக்குள் வராத காலம் அது.

கேள்வி: வேறு நிறுவனங்கள் இதை ஏன் பின்பற்றவில்லை? – வவுனியா வாசகர்

பதில்: பின்பற்றின. ரோல்ஸ்-ரொய்ஸ் 1965இல் வெளியிட்ட சில்வர் ஷடோவில் சிட்ரோவனிடம் உரிமம் பெற்று மட்டம் காக்கும் ஏற்பாட்டை வைத்தது. சாதாரண ஸ்பிரிங்குகளை நீக்காமல், உயரத்தை மட்டும் ஒயிலிடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகளில் முன்பக்கத்து ஏற்பாட்டைக் கைவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஆட்களும் பெட்டிகளும் ஏறுவது பெரும்பாலும் பின்பக்கத்தைத்தானே பதிக்கிறது. மெர்சிடிஸ் 1975இல் 450 எஸ்.ஈ.எல். 6.9 மாதிரியில் நான்கு சில்லுக்கும் வாயு-ஒயில் ஏற்பாட்டைப் போட்டது. அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் 1955இலேயே ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகளை மின்மோட்டாரால் திருகி மட்டம் காத்தது; குழிகளுக்கு ஏமாறாமலிருக்க அதுவும் சில செக்கன்கள் காத்திருந்துதான் வேலையைத் தொடங்கும்.

பிரித்தானியாவின் ஹைட்ரோலாஸ்டிக் கார்களை இந்த வரிசையில் சேர்க்கும் வழக்கம் உண்டு. 1962இல் பி.எம்.சி. 1100 காரில் வந்த, அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த அந்த ஏற்பாடு முன்சில்லையும் பின்சில்லையும் திரவத்தால் இணைத்துக் குலுக்கத்தைக் குறைத்தது. ஆனால் அதில் பம்ப் இல்லை. பாரம் ஏறினால் அதுவும் பதியும்.

கேள்வி: கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ்களில் எயார் சஸ்பென்ஷன் என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானா? – கிளிநொச்சி வாசகர்

பதில்: உயரம் காப்பதில் ஒன்று, மென்மையில் வேறு. பஸ்ஸில் பாரம் ஏறினால் றப்பர்ப் பைக்குள் மேலும் வளி அடிக்கப்படுகிறது. பையின் கனவளவு மாறாமல் அமுக்கம் மட்டும் ஏறுவதால், ஆட்டத்தின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பது, பாரத்தோடு பெரிதாக மாறாது. சிட்ரோவனில் வாயுவின் திணிவு மாறாது, ஒயில்தான் சேர்க்கப்படுகிறது. பாரம் ஒன்றரை மடங்கானால் வாயுவின் அமுக்கம் ஒன்றரை மடங்காகி, கனவளவு மூன்றில் இரண்டாகச் சுருங்குகிறது. ஸ்பிரிங்கின் கடினம் இரண்டேகால் மடங்காகிறது. மீடிறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது ஆட்கள் நிறைந்த சிட்ரோவன் சற்று இறுக்கமாகவே ஓடும். கணக்குப்படி பார்த்தால் பஸ்ஸின் முறையே மேலானது. ஆனால் வளிக்குப் பெரிய பைகளும் தனியான ஷொக் அப்சோர்பர்களும் வேண்டும். பஸ்ஸில் அவற்றுக்கு இடமிருக்கிறது. பிரேக்குக்கென்று வளிப் பம்பும் ஏற்கெனவே இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் வளி ஏற்பாட்டைக் கார்களுக்குக் கொண்டுவந்து, கசிவுத் தொல்லைகளால் சில ஆண்டுகளிலேயே கைவிட்டன. இன்று விலையுயர்ந்த கார்களில் அது மீண்டும் வந்திருப்பதற்குக் காரணம் நல்ல றப்பரும் இலத்திரனியல் கட்டுப்பாடும்.

கேள்வி: பிரெஞ்சு ஜனாதிபதி து கோலின் உயிரை இந்தச் சஸ்பென்ஷன்தான் காப்பாற்றியது என்பது உண்மையா? – முள்ளியவளை வாசகர்

பதில்: 1962 ஓகஸ்ட் 22ஆம் திகதி பாரிசுக்கு அருகே பெத்தி கிளமார் என்ற இடத்தில் அவருடைய டி.எஸ். காரை நோக்கிச் சுட்டார்கள். ரயர்கள் வெடித்தபின்னும் சாரதி காரை ஓட்டிக்கொண்டு தப்பினார். சஸ்பென்ஷனுக்கு அதில் பங்கு உண்டு. முழுப் புகழையும் அதற்கே கொடுத்துவிட்டால், முன்சில்லுகளால் இழுக்கப்படும் அமைப்புக்கும் நிதானம் இழக்காத அந்தச் சாரதிக்கும் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: மாரியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும்போது காரை உயர்த்திக்கொண்டு போகலாம் அல்லவா? – துணுக்காய் வாசகர்

பதில்: உயர்த்த ஒரு லீவர் உண்டு என்பது சரி. ஆனால் உச்ச உயரத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முடிவுக்கு வந்துவிடுவதால் சில்லு கீழே இறங்க இடமில்லை. கார் பாறைபோல இறுகிவிடும். நடைவேகத்தில் சில யார் கடக்கத்தான் அந்த நிலை. அதன் முக்கிய பயன் சில்லு மாற்றுவது: காரை உச்சத்துக்கு உயர்த்தி, பக்கத்தில் ஒரு முட்டுத் தாங்கியை வைத்து, லீவரை அடிநிலைக்குத் தள்ளினால், கார் சில்லைத் தானே நிலத்திலிருந்து தூக்கிக்கொள்ளும். வெள்ளத்தைப் பொறுத்தவரை, பாயும் தண்ணீர் உயர்ந்த காரையும் தள்ளிக்கொண்டு போகும்.

கேள்வி: எங்கள் கராஜுக்கு வந்த ஒரு பழைய ஐரோப்பிய ஸ்டேஷன் வாகனின் பின் ஷொக் அப்சோர்பர்கள் வழமையைவிடத் தடிப்பாக இருந்தன. ஒயில் கசிந்ததால் சாதாரண ஷொக் இரண்டைப் போட்டுக் கொடுத்தோம். இப்போது ஆள் ஏறாமலே பின்பக்கம் பதிந்து நிற்கிறது என்று திரும்பி வந்திருக்கிறார். – புதுக்குடியிருப்பு, கராஜ் உரிமையாளர்

பதில்: நீங்கள் கழற்றியது பெரும்பாலும் நிவோமட் வகையாக இருக்கும். பார்வைக்கு ஷொக் அப்சோர்பர். உள்ளே அதுவே பம்பும், ஒயில் தொட்டியும், வாயு ஸ்பிரிங்கும். வெளியிலிருந்து குழாயோ வயரோ வராது. வண்டி ஓடும்போது சில்லு மேலும் கீழும் ஆடும் ஆட்டமே பம்பை இயக்கி, பதிந்த பின்பக்கத்தை ஓரிரு கிலோமீற்றருக்குள் மட்டத்துக்குக் கொண்டுவரும். மட்டம் வந்ததும் உள்ளே ஒரு வழி திறந்து மேலும் உயராமல் நிறுத்திவிடும். 1970இல் வந்த முதல் ரேஞ்ச் றோவரின் பின் அச்சில் ஜேர்மனியின் போகே நிறுவனம் கொடுத்த அலகும் இதே தத்துவந்தான். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். கிரவல் வீதிக் குலுக்கலையே எரிபொருளாக்கிக்கொள்ளும் வேறு பொருளை நான் அறியேன்.

உங்கள் சிக்கல் இதுதான்: நிவோமட் பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கும் என்ற கணக்கில், அந்த வாகனத்துக்குத் தொழிற்சாலையிலேயே மென்மையான ஸ்பிரிங்குகளைப் போட்டிருப்பார்கள். நிவோமட்டை எடுத்துவிட்டால் அந்தப் பங்கைத் தாங்க ஆளில்லை. ஒன்றில் நிவோமட்டையே மறுபடி போடவேண்டும், அல்லது சாதாரண ஷொக்கோடு அந்த மாதிரியின் சாதாரண ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றவேண்டும். ஸ்பிரிங்குக்குள் றப்பர்க் கட்டை செருகிச் சமாளிப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் ஏன் கைவிட்டார்கள்? ஒரு பழைய சிட்ரோவன் கிடைத்தால் வாங்கலாமா? – பரந்தன் வாசகர்

பதில்: சொகுசுக் கார்களோடு இது நின்றுவிடவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். 1970இல் ஜி.எஸ்., 1982இல் பி.எக்ஸ். என்று சாதாரண குடும்பங்களின் கார்களுக்கும் வந்தது, பி.எக்ஸ். மட்டும் 20 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1989இன் எக்ஸ்.எம். காரில், ஒவ்வொரு அச்சுக்கும் மேலதிகக் கோளமொன்றைச் சேர்த்து, மென்மையையும் இறுக்கத்தையும் கணினி மாற்றும்படி செய்தார்கள். கடைசியாக இதைச் சுமந்தது சி5. ஐரோப்பாவில் அதன் தயாரிப்பு 2017இல் முடிந்தது. இப்போது அந்த நிறுவனம் விளம்பரப்படுத்தும் ‘ஹைட்ரோலிக் மெத்தை’ என்பது ஷொக் அப்சோர்பரின் இரு முனைகளிலும் வைத்த மெத்தைகள்தான். மட்டம் காக்கும் வேலை அதற்கில்லை.

கைவிட்டதற்குக் காரணம் பெரும்பாலும் செலவு. சாதாரண ஸ்பிரிங்கும் ஷொக்கும் மிகவும் நன்றாகிவிட்டன; ஒரு நிறுவனம் மட்டும் தனியாக வைத்திருக்கும் பாகங்களின் விலை இறங்குவதில்லை. பராமரிப்பும் பயமுறுத்தியது. தொடக்கத்தில் பயன்பட்ட சிவப்பு ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவை உண்டாக்கியது. 1960களின் பிற்பகுதியில் பச்சை நிறக் கனிம ஒயிலுக்கு மாறியபின்பே இந்த நோய் தீர்ந்தது. சிவப்பு ஒயிலில் ஓடும் காரில் பச்சை ஒயிலையோ, பச்சை ஒயிலில் ஓடும் காரில் சாதாரண பிரேக் ஒயிலையோ ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர்கள் கெட்டுவிடும்; ஒரு போத்தல் போதும், முழு ஏற்பாட்டையும் கழற்றவேண்டி வரும். கோளங்களிலுள்ள நைதரசனும் சவ்வினூடாக ஆண்டுகளில் கசிந்துவிடும். கார் கட்டையாகக் குதிக்கத் தொடங்கினால் கோளம் வெறுமையாகிவிட்டது என்று பொருள்.

வாங்குவது பற்றி: பாகம் எங்கிருந்து வரும் என்பதை உறுதிசெய்தபின் பணத்தைக் கொடுங்கள். மைக்ரோன் அளவில் பொருந்தும் வால்வுகளைக் கழற்றுவதற்கு எங்கள் கிரவல் புழுதி ஏற்ற இடமல்ல. மூடிய, துடைத்த அறை வேண்டும். எந்தக் குழாயைக் கழற்றுமுன்பும் அமுக்கம் விடுவிக்கும் திருகைத் திறந்து ஒயிலைத் தொட்டிக்குத் திருப்பிவிடவேண்டும், ஏனென்றால் 150 பார் அமுக்கத்தில் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். உயர்ந்து நிற்கும் காரின் அடியில், இரும்புத் தாங்கிகளை வைக்காமல் ஒருபோதும் தலையைக் கொடுக்கவேண்டாம். என்ஜின் நின்றாலோ, ஒரு குழாய் விட்டாலோ, யாராவது லீவரைத் தட்டினாலோ அது இறங்கிவிடும்.